காலநிலைத் திரைப்பட விழாவுக்குப் போகிறேன்: எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

இளவேனில்:

வணக்கம். பெருநகரில் நடக்கும் காலநிலைத் திரைப்பட விழா ஒன்றுக்கு முதல்முறையாகப் போகிறேன். நான்கு நாள், மூன்று அரங்கு, காலையிலிருந்து இரவு வரை படங்கள். அட்டவணையைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. ஒரு அரங்கில் பனியாறுகள் பற்றிய ஆவணப்படம் ஓடும் நேரத்தில் அடுத்ததில் குறும்படத் தொகுப்பு, மூன்றாவதில் கதைப்படம். குறிப்புகளைப் படித்தால் எல்லாமே தவறவிடக் கூடாதவை என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இதில் அக்கறை உள்ளவர்கள். அவர்களுக்கே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி என்ன ஆகப் போகிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இப்படிப்பட்ட விழாக்களுக்குப் போனவர்கள், அங்கே வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். படங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

அரங்கவாசி:

விழாத் தேர்வுக் குழுக்களில் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படங்களைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முழுநீளப் படம், நேரம் இருந்தால் ஒரு குறும்படத் தொகுப்பு, அவ்வளவு போதும். மூன்றாவது வெள்ளக் காட்சியைக் கண் பார்க்கும், மனம் வாங்கிக்கொள்ளாது. அடுத்தடுத்து ஐந்து படம் பார்த்துவிட்டு எதுவுமே நினைவில்லாமல் வெளியே வருகிறவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். குறிப்பில் ஒரு ஆள், ஒரு இடம், ஒரு வேலை தெரிகிறதா என்று பாருங்கள். "பூமி பேராபத்தில் இருக்கிறது" என்று தொடங்கும் குறிப்பு எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நாள்தோறும் என்ன செய்கிறார் என்று சொல்லும் குறிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நல்ல படம் இருக்கும்.

ஏன் அப்படி? காலநிலையைப் படம் பிடிக்கவே முடியாது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி காலநிலை என்பது முப்பது ஆண்டுகளின் சராசரி. கேமராவுக்கு முன்னால் இருப்பதோ இன்றைய மழை, இன்றைய வெயில். அந்த இடைவெளியை இயக்குநர் எப்படிக் கடக்கிறார் என்பதில்தான் படம் நிற்கிறது அல்லது விழுகிறது.

2012இல் வந்த 'சேஸிங் ஐஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பாலோக் என்ற புகைப்படக் கலைஞர் 2007இல் பனியாறுகளுக்கு எதிரே தானியங்கிக் கேமராக்களை நிறுத்திவைக்கத் தொடங்கினார். பகல் வெளிச்சம் இருக்கும்வரை அவை இடைவெளி விட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த படங்களைத் தொடர்ந்து ஓட்டினால் பனியாறு பின்வாங்குவது கண்ணெதிரே நடக்கிறது. அதே படத்தில் 2008இல் கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாறு உடைந்து சரியும் காட்சியும் உண்டு. அந்த உடைவு 75 நிமிடம் நீடித்தது. பெரிய திரையில் பார்த்தால் முதலில் என்ன நடக்கிறதென்றே புரியாது. தூரத்தில் ஏதோ அசைவதுபோல் இருக்கும், பிறகு ஒரு மலைத்தொடரே புரண்டு படுக்கும். எவ்வளவு பெரியது என்பது உடம்பில் உறைக்க அந்த இருட்டும் அந்தத் திரையும் வேண்டும். கைபேசியில் அது வெறும் வெள்ளைத் தூள்.

'சேஸிங் ஐஸ்' படத்தை இயக்கிய ஜெஃப் ஒர்லோவ்ஸ்கியின் 2017ஆம் ஆண்டுப் படமான 'சேஸிங் கோரல்' எனக்கு இன்னும் நெருக்கம். கடலடியில் வைத்த தானியங்கிக் கேமராக்கள் சரியாகக் குவியவில்லை, எடுத்த படங்கள் மங்கிப்போயின. அப்புறம் அந்தக் குழு கையில் கேமராவோடு நாள்தோறும் தண்ணீருக்குள் இறங்கி, அதே பவளத்தை அதே கோணத்தில் எடுத்தது. 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்த நாட்கள் அவை. நேற்று உயிரோடு பார்த்ததை இன்று செத்துக் கிடக்கப் பார்க்கிறவரின் முகம் அந்தப் படத்தில் இருக்கிறது. ஆள், இடம், வேலை என்று நான் சொன்னது இதைத்தான்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு, பிறகு வருகிறேன்.

மணல்வீடு:

நடைமுறைக் குறிப்பு மட்டும். படத்துக்குப் பின் கேள்வி-பதில் உண்டா என்று அட்டவணையில் பாருங்கள். இருந்தால் அடுத்த படத்துக்குக் குறைந்தது 45 நிமிட இடைவெளி விடுங்கள். பாஸ் வைத்திருந்தாலும் பல விழாக்களில் ஒவ்வொரு காட்சிக்கும் தனியாக இருக்கை பதிவு செய்ய வேண்டும். குறும்படத் தொகுப்புகளை ஒதுக்காதீர்கள். முழுநீளப் படங்கள் பின்னால் இணையத் தளங்களுக்கு வந்துவிடும், குறும்படங்களில் பலவற்றை விழாவுக்கு வெளியே பார்க்கவே முடியாது.

நேர்க்கோடு:

நான் மாறுபடுகிறேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

உமிழ்வைக் குறைக்கச் சொல்லும் படத்தைக் காட்ட இயக்குநர் விமானத்தில் வருகிறார், நடுவர்கள் விமானத்தில் வருகிறார்கள். படம் எடுப்பதே சின்னச் செலவு இல்லை. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஒரு பெரும் பட்ஜெட் படம் சராசரியாக 2,840 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான உமிழ்வை உண்டாக்குகிறது, அதில் ஏறக்குறைய பாதி போக்குவரத்தால் வருவது. ஆவணப்படக் குழுக்கள் சிறியவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விழா என்று வந்துவிட்டால் பயணம்தான் பெரிய கணக்கு.

அதைவிட என்னை உறுத்துவது விளம்பரதாரர்கள். நான் போன ஒரு விழாவில் படம் தொடங்கும் முன் திரையில் வந்த முதல் பெயர் ஒரு எரிபொருள் நிறுவனத்துடையது. அரங்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலை உலகில் இதை எதிர்த்து வென்ற முன்னுதாரணம் இருக்கிறது. லண்டனின் டேட் கலைக்கூடத்தில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு பிபி எண்ணெய் நிறுவனத்தின் நிதியுதவி 2017இல் முடிவுக்கு வந்தது. ஒரு ஓவியக்கூடத்தால் முடிந்தது காலநிலையின் பெயரையே வைத்துக்கொண்ட விழாவால் முடியாதா?

இளவேனில், உங்கள் வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தரவுத்தேனீ:

காலநிலை அறிவியல் படிக்கிறேன். அரங்கவாசி சொன்ன முப்பது ஆண்டு விஷயத்தை அறிவியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டுகிறேன்.

விழாப் படங்களில் நான் அடிக்கடி பார்க்கும் பலவீனம் இது: ஒரு பேரிடரைக் காட்டுவார்கள், பின்னணிக் குரல் "காலநிலை மாற்றம்" என்று சொல்லும், காட்சி மாறிவிடும். நடுவில் இருக்க வேண்டிய கண்ணி விடுபட்டிருக்கும். எல்லாப் பேரிடரிலும் காலநிலை மாற்றத்தின் பங்கு ஒரே அளவு இல்லை. கனமழை என்றால் காரணம் நேரடியானது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7% கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. வெப்ப அலையில் தொடர்பு இன்னும் உறுதி. வறட்சியில் விஷயம் சிக்கலானது.

தென் மடகாஸ்கரில் 2019 முதல் 2021 வரை மழை பொய்த்துப் பெரும் பட்டினி வந்தது. உலகம் முழுக்க அதைக் காலநிலை மாற்றத்தால் வந்த பஞ்சம் என்று எழுதினார்கள். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழு 2021 டிசம்பரில் கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த மழைக் குறைவில் மனிதரால் வந்த காலநிலை மாற்றத்தின் பங்கு பெரிதாக இல்லை என்று கண்டது. வறுமையும் மழையை மட்டுமே நம்பிய விவசாயமும்தான் அந்த மழைக் குறைவைப் பட்டினியாக மாற்றின. இதைச் சொன்னவர்கள் காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இல்லை, அதை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அந்த நேர்மை ஒரு படத்தில் இருந்தால் அதன் மற்ற வாக்கியங்களையும் நம்பலாம். "இதில் காலநிலையின் பங்கு எவ்வளவு, ஆட்சியாளரின் அலட்சியம் எவ்வளவு?" என்று பிரித்துப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பிரிக்காமல் விட்டால் ஏரியை மூடிக் கட்டடம் கட்ட அனுமதித்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

நேர்க்கோடு, விமானக் கணக்கு சரி. ஆனால் விழாவின் உமிழ்வை மட்டும் எழுதி, விழாவால் நடக்கும் வேலையை எழுதாமல் விட்டால் கணக்கு பாதியில் நிற்கிறது.

கதைப்பிரியை:

எல்லாரும் ஆவணப்படத்தையே பேசுகிறீர்கள். கதைப்படங்களை விட்டுவிடாதீர்கள், இளவேனில். அரங்குக்கு ஆவணப்படம் பார்க்க வராதவர்களும் கதை என்றால் வருவார்கள். உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கிறது.

2004இல் 'தி டே ஆஃப்டர் டுமாரோ' வந்தபோது அந்தனி லைசரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுத்தார். படம் பார்த்தவர்களுக்குப் பார்க்காதவர்களைவிடப் புவி வெப்பமாதல் பற்றிய கவலை அதிகமாக இருந்தது. அது சாதாரண வணிகப் படம், எந்த விழாவுக்கும் எடுத்ததில்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் குட் எனர்ஜி அமைப்பும் கோல்பி கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து 2013 முதல் 2022 வரை வந்த 250 பிரபலமான கதைப்படங்களை ஆராய்ந்தார்கள். இரண்டே கேள்வி: கதையின் உலகத்தில் காலநிலை மாற்றம் இருக்கிறதா, ஒரு பாத்திரத்துக்காவது அது தெரியுமா? பத்தில் ஒரு படம்கூடத் தேறவில்லை. நாம் வாழும் உலகத்தைக் காட்டுவதாகச் சொல்லும் கதைகளில் நாம் தினமும் படும் வெயில் இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தரவுத்தேனீ:

கதைப்பிரியை சொன்ன படத்தின் தாக்கம் உண்மை. ஆனால் அதன் அறிவியல் மோசம் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். அட்லாண்டிக் நீரோட்டம் நின்று, சில நாட்களில் உலகின் பாதி உறைவதாகக் காட்டினார்கள். உண்மையில் அந்த நீரோட்டம் இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் என்பதில் அறிவியலாளர்களுக்குச் சந்தேகம் கிட்டத்தட்ட இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை அது 2100க்குள் திடீரென்று நின்றுபோகாது என்று நடுத்தர உறுதியோடுதான் சொல்கிறது. "நடுத்தர உறுதி" என்பதே போதிய அளவு பயமுறுத்துகிறது, அதை உறைபனியாக ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

நீர்முள்ளி:

இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

எங்கள் வீடு வெள்ளத்தில் போனது. அதற்குப் பிறகு இப்படியொரு விழாவுக்கு என்னை ஒருவர் அழைத்துப் போனார். திரையில் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜன்னல் வழியாக ஒரு பாத்திரத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். பின்னணியில் வயலின் இசை. கேமரா அவர் முகத்தை நெருங்கி நெருங்கிப் போனது. அவர் ஒரு தரம் கேமராவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நொடியை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரிடம் கேட்டார்களா? படம் முடிந்த பிறகு அவருக்குக் காட்டினார்களா?

நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே விழாவில் வேறொரு படம் பார்த்தேன். வெள்ளம் வடிந்தபின் மூன்று குடும்பங்கள் நிவாரணத்துக்கு அலைந்த கதை. விண்ணப்பம், கையெழுத்து, "நாளைக்கு வாங்க", மறுபடி விண்ணப்பம். ஒரு துளி வெள்ளமும் அதில் இல்லை. எங்களுக்கு நடந்ததை முதல் தடவையாக யாரோ சரியாகச் சொன்னதுபோல் இருந்தது. மழை நின்றபின் தொடங்கும் துன்பத்தை யாரும் படம் எடுப்பதில்லை என்று நினைத்திருந்தேன், எடுத்திருக்கிறார்கள்.

அரங்கவாசி:

நீர்முள்ளி, நீங்கள் எழுதியதைத் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். அனுமதி பற்றிய கேள்வியைச் சில குழுக்கள் இயக்குநரிடம் கேட்கின்றன, எல்லாம் கேட்பதில்லை. பார்வையாளர் கேட்டால் நிலைமை மாறும்.

காலநிலை என்ற சொல்லே இல்லாத படங்களையும் பாருங்கள் என்று இதோடு சேர்த்துச் சொல்கிறேன். ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' டெல்லியில் அடிபட்ட பருந்துகளைத் தங்கள் வீட்டு அடித்தளத்தில் வைத்துக் காப்பாற்றும் சகோதரர்களின் கதை. 2022இல் சன்டான்ஸ், கேன்ஸ் திரைப்பட விழாக்கள் இரண்டிலும் பரிசு பெற்றது. கேமராவைப் பார்த்துப் பாடம் எடுக்கும் நிபுணர் யாரும் அதில் இல்லை. காற்று கெட்டுப்போனது பறவையின் இறக்கையில் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வருகிறவர்கள் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் என்பது பெரும்பாலும் உண்மை. அதில் நான் குறை காணவில்லை. அக்கறை உள்ளவர்களில் பலர் தனியாக இருக்கிறார்கள். அலுவலகத்தில், உறவில், இதைப் பேசினால் "ஆரம்பிச்சிட்டியா" என்பார்கள். விழாவின் கூடத்தில் ஆசிரியர் ஒருவர் கரையோர மீனவரைச் சந்திக்கிறார், வழக்கறிஞர் ஒருவர் தரவு படிக்கும் மாணவரைச் சந்திக்கிறார். அக்கறை வேலையாக மாறுவது அந்தக் கூடத்தில்தான். அதனால் நேர்க்கோடு கேட்ட விளம்பரதாரர் கேள்வி எனக்கு மிக முக்கியம். அந்தக் கூடத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு எரிபொருள் நிறுவனத்தை விடக் கூடாது.

நேர்க்கோடு:

கூடம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது தானாக நடக்காது. நான் பார்த்த விழாக்களில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த காட்சிக்கு ஆளை வெளியேற்றினார்கள். பேச இடமும் நேரமும் ஒதுக்காத விழாவுக்கு இந்த நியாயம் பொருந்தாது. பயணம் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது: ரயிலில் போக முடிந்த தூரத்தில் இருப்பவர்கள் போகட்டும், மற்றவர்கள் இணையத் திரையிடல் இருந்தால் அதைப் பார்க்கட்டும்.

இளவேனில்:

ரயில்தான். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக நீர்முள்ளிக்கு. கேள்வி-பதிலில் என்ன கேட்கலாம்? எனக்கு அரங்கில் எழுந்து பேசிப் பழக்கமில்லை.

பிலிம்சுருள்:

சிறிய ஆவணப்படங்கள் எடுக்கிறேன், மேடையில் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். இயக்குநர்களிடம் பார்வையாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி "நம்பிக்கை இருக்கிறதா?" என்பது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். எல்லாரும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம்.

"படத்தில் இருப்பவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். படம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது, வாழ்க்கை முடிவதில்லை. 'தி ஐலண்ட் பிரசிடென்ட்' படம் மாலத்தீவு அதிபர் முகமது நஷீத் 2009 கோபன்ஹேகன் மாநாட்டில் தன் நாட்டுக்காக வாதாடியதோடு முடிகிறது. அவர் 2012 பிப்ரவரியில் பதவி இழந்தார், படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததே அதன் பிறகுதான். அப்போது பார்த்தவர்கள் "அடுத்து என்ன நடந்தது?" என்று கேட்காமல் இருந்திருந்தால் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அடுத்தது, "எதை வெட்டினீர்கள்?" இதற்கு வரும் பதிலில் இயக்குநரின் மனச்சாட்சி தெரியும். ஒரு முறை என்னிடம் ஒருவர் இதைக் கேட்டார். என் படத்தில் வந்த விவசாயி, மழை மாறியதற்குக் காரணம் ஊர்க்காரர்களின் பாவம் என்று நம்பினார். அதை நான் படத்தில் வைக்கவில்லை. ஏன் என்று அரங்கம் என்னோடு நெடுநேரம் விவாதித்தது. எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள உரையாடல் அது.

எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் வெளியே வாசலில் வந்து கேளுங்கள். நாங்கள் அங்கேதான் நிற்போம். யாராவது வந்து பேச மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்போம்.

இளவேனில்:

விழா முடிந்து வந்துவிட்டேன். சொன்னபடி குறைவாகவே பார்த்தேன்.

மிகவும் பிடித்தது ஒரு குறும்படம். ஒரு சிறு துறைமுகத்தில் கடல்மட்டக் கம்பத்தின் அளவைக் குறித்துவைக்கும் ஒரு வயதான ஊழியர். காலையில் படிக்கட்டில் இறங்குகிறார், குனிந்து கோடுகளைப் பார்க்கிறார், அலை அடங்கும்வரை காத்திருக்கிறார், நோட்டில் எழுதுகிறார். கை நடுங்குவதால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார். பின்னணிக் குரல் இல்லை. கடைசியில் அவர் பணியில் சேர்ந்த காலத்து நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் வைத்து விரலால் இரண்டு எண்களைத் தொட்டுக் காட்டுகிறார்.

இயக்குநரிடம் வாசலில் பேசினேன். அந்த ஊழியர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது அங்கே தானியங்கிக் கருவி இருக்கிறது, நோட்டுகளை அலுவலகம் ஸ்கேன் செய்து பாதுகாக்கிறது என்றார். அவருக்குத்தான் முதலில் படத்தைக் காட்டினாராம், ஊழியர் ஒரு காட்சியை நீக்கச் சொன்னாராம், இயக்குநர் நீக்கிவிட்டாராம்.

விளம்பரதாரர் பட்டியலை ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள், எரிபொருள் நிறுவனம் எதுவும் இல்லை. கூடத்தில் பேச இடம் இருந்தது, நேரம்தான் போதவில்லை.

தரவுத்தேனீ:

அந்த நோட்டுகள் பொன். உலகளவில் 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்கு இப்படிப் படிக்கட்டில் இறங்கியவர்களின் எழுத்தும் காரணம். முன்பு ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006க்குப் பிறகு 3.7 ஆகியிருக்கிறது. ஒரு ஊரின் நோட்டில் தெரிவது அப்படியே உலகச் சராசரி ஆகிவிடாது, நிலம் தாழ்வதும் அதில் சேரும். படத்தில் அது வந்ததா?

இளவேனில்:

வரவில்லை. இயக்குநரிடம் எழுதிக் கேட்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் இந்தப் படத்தைப் போட ஆசை. வீட்டில் கேள்வி கேட்டவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதி எப்படி வாங்குவது?

பிலிம்சுருள்:

குறும்படம் என்றால் உரிமை பெரும்பாலும் இயக்குநரிடமே இருக்கும், நேரடியாகக் கேளுங்கள். வீட்டில் பார்க்க வாங்கிய பிரதியைப் பொது இடத்தில் போட முடியாது, பொதுத் திரையிடலுக்கு எழுத்தில் தனி அனுமதி வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் உண்டா, இரண்டையும் முதல் மடலிலேயே எழுதுங்கள். கட்டணம் இல்லை என்றால் பலர் பணம் வாங்காமலே தருவோம். வசனத் துணையெழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தமிழில் இல்லையென்றால் வசனப் பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள், இங்கே இருப்பவர்கள் சேர்ந்து போட்டுவிடலாம்.

நீர்முள்ளி:

துணையெழுத்து வேலைக்கு நான் வருகிறேன். படத்துக்குப் பிறகு பேச ஒரு மணி நேரமாவது நூலகத்தில் கேட்டு வையுங்கள்.